இடையில் வந்தவரின் கணக்கு

பலர் கூடிச் செய்யும் எந்தக் கருமத்திலும் தொடங்குபவர், இடையில் ஏற்பவர், முடிப்பவர் என மூவகையினர் உளர். தொடங்கியவரின் பெயர் கல்லிலே பொறிக்கப்படும். முடித்தவரின் கழுத்திலே மாலை விழும். இடையில் வந்து, பிறர் பாதியில் விட்டதைக் கையேற்று, இன்னொருவரிடம் ஒப்படைத்துச் செல்பவரை உலகம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கருமம் கெட்டுப்போனால் மாத்திரமே அவர் நினைவுக்கு வருகின்றார். கெடுத்தவர் என்ற பெயரோடுதான் வருகின்றார். இந்த அநீதியைப் பற்றி நான் நூல்களிலே படித்துச் சிந்திக்கவில்லை. நமக்குச் சிறிதும் பழக்கமில்லாத ஓர் அமெரிக்கப் பந்தாட்டத்தின் வழியாகவே அது எனக்குத் தெளிவாயிற்று. விளையாட்டைப் பற்றி ஆராய்ச்சியாளன் எழுதலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: மனிதர் தம் நீதியுணர்வை மறைக்காமல் வெளிக்காட்டும் இடங்களில் விளையாட்டு மைதானமும் ஒன்று.

2019ஆம் ஆண்டு மார்ச் முதல் டிசம்பர் வரை ஆய்வின் நிமித்தம் நான் வாஷிங்டன் நகரில் தங்கியிருந்தேன். பகலெல்லாம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் வாசிப்பறையிலே கழியும். இரவில் நகரின் வடகிழக்கிலுள்ள பழைய வீடொன்றின் மேல்மாடி அறைக்குத் திரும்புவேன். வீட்டுக்காரி எழுபது வயதைக் கடந்த மூதாட்டி. வைத்தியசாலையொன்றில் முப்பதாண்டுகளுக்கு மேலாக இரவுக் கடமை பார்த்து ஓய்வுபெற்ற தாதி. மாலையானதும் சமையலறை வானொலியைத் திறந்து, அந்நகரின் பேஸ்போல் அணியாகிய வாஷிங்டன் நஷனல்ஸ் ஆடும் ஆட்டத்தின் நேர்முக வருணனையைக் கேட்பது அவருடைய வழக்கம். அவருடைய மருமகனும் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வந்து உட்காருவார். முதலில் மரியாதைக்காகவும், பின்னர் விளக்கம் பெறுவதற்காகவும், ஈற்றில் விடமுடியாத ஆவலாலும் நானும் அவர்களுடன் அமரலானேன்.

துடுப்பாட்டத்திற் பழகிய நம்மவர்க்கு இவ்விளையாட்டின் அடிப்படையை விளக்குவது கடினமன்று. ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இனிங்ஸ். ஒவ்வோர் இனிங்ஸிலும் மூன்று ஆட்டமிழப்புக்கள். பந்தை அடித்தவர் வைர வடிவில் அமைந்த நான்கு தளங்களையும் சுற்றிவந்தால் ஓர் ஓட்டம். பந்தெறிபவரே ஆட்டத்தின் மையம். தொடக்க எறிவாளர் ஐந்து அல்லது ஆறு இனிங்ஸ் வரை எறிந்து கை சோர்ந்ததும் முகாமையாளர் அவரை அகற்றி இன்னொருவரை அழைப்பார். துடுப்பாட்டத்திலே ஓய்வெடுத்த பந்துவீச்சாளர் மீண்டும் பந்தைக் கையிலெடுக்கலாம். பேஸ்போலிலோ ஒருமுறை ஆட்டத்தை விட்டு அகற்றப்பட்டவர் அந்த ஆட்டத்திலே திரும்பி வரவியலாது. எனவே பின்வருவோரின் கையிலேதான் முன்வந்தோரின் உழைப்பு முழுவதும் தங்கியிருக்கிறது. ஆண்டொன்றுக்கு 162 ஆட்டங்கள் என்பதையும் மனத்திற் கொண்டால், இக்கைமாற்றம் எத்தனை நூறு தடவை நிகழ்கின்றதென ஊகிக்கலாம்.

இவ்வாறு பின்வருவோர் தம் முறைவரும் வரை காத்திருந்து கையைச் சூடேற்றிக்கொள்ளும் அடைப்பிடத்திற்குப் புல்பென் என்று பெயர். சொல்லுக்குச் சொல் நோக்கின் காளைப்பட்டி என்பதே அதன் பொருள். நம்முடைய கீழ்மாகாணத்து மாட்டுப்பட்டிகளைக் கண்டவர்க்கு இச்சொல் அந்நியமாகத் தோன்றாது. எனவே இக்கட்டுரையில் அதனைப் பட்டி என்றே குறிப்பிடுகின்றேன். மைதானத்தின் எல்லைச் சுவரையடுத்துள்ள அப்பட்டியிலே ஏழெட்டுப் பேர் அமர்ந்திருப்பர். முகாமையாளரின் இருக்கையிலிருந்து தொலைபேசி ஒலிக்கும். ஒருவர் எழுந்து எறிந்து பழகுவார். அழைப்பு வந்ததும் தனியாக அந்தப் பரந்த புற்றரையைக் கடந்து நடுமேடைக்கு வருவார். நாற்பதினாயிரம் பேர் பார்த்திருக்க ஒரு மனிதன் தனியே நடந்துவரும் அந்தத் தூரத்தை நான் மைதானத்தில் நேரிற் கண்டபோதுதான் அது எத்துணை நெடிதென்பது விளங்கிற்று.

நஷனல்ஸ் அணி அவ்வாண்டைத் தொடங்கியபோது அதன் தொடக்க எறிவாளர் வரிசை நாட்டிலேயே தலைசிறந்தவற்றுள் ஒன்றாகக் கருதப்பட்டது. மக்ஸ் ஷேர்சர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பேர்க், பற்றிக் கோர்பின் என்னும் மூவரும் அதன் தூண்கள். ஆயின் அவர்கள் ஐந்தாறு இனிங்ஸிற் கட்டியதைப் பட்டியிலிருந்து வந்தோர் ஓரிரு இனிங்ஸிலே தகர்த்தனர். இதற்கு உச்ச உதாரணமாக அமைந்தவர் ட்ரெவர் ரோசெந்தல். செயின்ற் லூயிஸ் அணியில் 2014இல் 45 ஆட்டங்களையும் 2015இல் 48 ஆட்டங்களையும் வெற்றியுடன் காத்து முடித்தவர் அவர். 2017இல் முழங்கையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, ஓராண்டு முழுவதும் ஆடாதிருந்து, 2019இலே நஷனல்ஸ் அணிக்காக ஆடினார். முதல் நான்கு ஆட்டங்களில் இறங்கியும் அவரால் ஒருவரையேனும் ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை.

இதனாற் கணக்கியலிலே ஒரு விசித்திரம் நேர்ந்தது. எறிவாளர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களை ஒன்பதாற் பெருக்கி, அவர் எறிந்த இனிங்ஸின் தொகையால் வகுப்பது அவ்விளையாட்டின் அடிப்படை அளவை. ஓர் ஆட்டமிழப்புக்கூட இல்லையெனில் வகுக்கும் எண் பூச்சியம். ஆதலால் அம்மனிதரின் சராசரி முடிவிலி எனக் கொள்ள வேண்டியதாயிற்று. கணித பீடத்து நண்பர்கள் இதனை ரசிக்கக்கூடும். வாஷிங்டன் ரசிகர்களும் சில நாட்கள் சிரித்தார்கள். பின்னர் அச்சிரிப்பு வசையாக மாறிற்று.

மே மாதத் தொடக்கத்தில் எறிவாளர் பயிற்றுநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதனாலும் நிலைமை சீர்ப்படவில்லை. மே 20ஆந் திகதி முதல் 23ஆந் திகதி வரை நியூயோர்க் மெற்ஸ் அணியுடன் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. கடைசி இரண்டிலும் எட்டாவது இனிங்ஸிலே பட்டியிலிருந்து வந்தவர்கள் மும்மூன்று ஓட்டங்கள் தரும் ஹோம் ரன் அடிகளை வாங்கிக் கட்டிக்கொண்டனர். அன்றைய கணக்கு: 50 ஆட்டங்களில் 19 வெற்றி, 31 தோல்வி. முகாமையாளர் டேவ் மார்ட்டினெஸ் விலக்கப்பட வேண்டும் என்ற கூக்குரல் எங்கும் எழுந்தது. வீட்டுக்காரியின் மருமகனோ இன்னும் ஒருபடி மேலே சென்றார். பட்டியின் கதவைப் பூட்டித் திறப்பை ஆற்றிலே எறிந்துவிட வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. மைதானம் அனகொஸ்ரியா ஆற்றங்கரையில் இருப்பதால் அத்தீர்ப்பை நிறைவேற்றுவது எளிது என்றும் அவர் சேர்த்துக்கொண்டார்.

இக்கோபத்தை வெறும் அற்பக் கோபமென ஒதுக்குதல் தகாது. அதற்கொரு வரலாறு உண்டு. 2012ஆம் ஆண்டிலே 98 வெற்றிகளோடு நாட்டிலேயே முதலிடம் பெற்ற இவ்வணி, பின்போட்டித் தொடரின் தீர்க்கமான ஐந்தாவது ஆட்டத்தில் 6–0 என முன்னணியில் நின்றது. இறுதி இனிங்ஸிலும் 7–5 என முன்னின்றது. இன்னும் ஒரு நல்ல பந்து விழுந்தால் வெற்றி என்ற நிலையில், முடிப்பாளராக வந்தவர் நான்கு ஓட்டங்களை விட்டுக்கொடுக்க, ஆட்டம் 9–7 எனக் கைநழுவிற்று. அந்த இரவை மருமகன் ஏழாண்டுகள் கழித்தும் பந்து பந்தாக ஒப்புவிக்க வல்லவராயிருந்தார். ஒவ்வொரு புதிய மாற்று எறிவாளரும் நடந்து வரும்போது அவர் காண்பது அம்மனிதரை அன்று, 2012இன் நிழலையே. பழைய காயமுடையவன் புதியவனைப் பழைய குற்றவாளியின் முகத்தோடு பார்ப்பது விளையாட்டிற்கு மாத்திரம் உரிய குணமன்று.

நான் அந்த வானொலியை விடாது கேட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவ்வாண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் நிகழ்ந்தவற்றை இப்பக்கங்களின் வாசகர்க்கு விவரிக்க வேண்டியதில்லை. வாஷிங்டனில் இரவு ஒன்பதரை மணி என்றால் இங்கே காலை ஏழு மணி. ஆட்டத்தின் இறுதி இனிங்ஸும், பட்டியின் கதவு திறக்கும் வேளையும், ஊரில் வீட்டார் எழுந்து தொலைபேசியை எடுக்கும் வேளையும் ஒன்றாகவே அமைந்தன. அந்த வாரங்களில் ஒவ்வொரு காலையும் என்ன செய்தி வருமோ என்ற அச்சத்துடன் காத்திருந்த எனக்கு, இறங்கிவரும் ஓர் எறிவாளர் இரண்டு ஓட்ட முன்னிலையைக் காப்பாரா என்ற சிறிய அச்சம் ஒருவகையில் தாங்கக்கூடிய அச்சமாக இருந்தது. பெரிய கவலையை மனிதன் நேரே நோக்க இயலாதபோது சிறிய கவலையொன்றைக் கைப்பிடியாகப் பற்றிக்கொள்கின்றான் போலும்.

அந்தச் சமையலறையில் மாற்று எறிவாளரை ஒருபோதும் வையாதவர் வீட்டுக்காரி ஒருவரே. பட்டியிலிருந்து ஒருவர் வருகிறார் என்று வருணனையாளர் சொன்னதும் மருமகன் தலையிற் கையை வைப்பார்; மூதாட்டியோ ஒரேயொரு கேள்வியைக் கேட்பார்: “அவர் வரும்போது தளங்களில் எத்தனை பேர் நிற்கின்றார்கள்?” முதலில் இதனை ஆட்ட நுணுக்கம் பற்றிய கேள்வியென்றே எண்ணினேன். ஒருநாள் அவரே விளக்கினார். இரவுக் கடமைக்குச் செல்லும் தாதி முதலிற் செய்வது, பகற் கடமையிலிருந்தவரிடமிருந்து நோயாளரை ஒவ்வொருவராகப் பொறுப்பேற்பதாம். எவருக்குக் காய்ச்சல் ஏறுகிறது, எவருக்கு மருந்து பிந்திவிட்டது, எவர் மாலை முழுவதும் மூச்சுத்திணறினார் என்பவை எல்லாம் அவர் வருமுன்னரே நிகழ்ந்துவிட்டவை. நள்ளிரவில் ஒருவர் இறந்தால் கட்டிலருகே நின்றவர் பெயரே பேசப்படும். “முப்பதாண்டுகள் நான் பிறர் விட்டுச்சென்ற தளங்களுக்கு நடுவே நடந்து போனவள்” என்றார் அவர். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

பின்னர் விளையாட்டின் கணக்கு விதிகளை ஆராய்ந்தபோது ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்திற்று. ஓர் எறிவாளர் அகற்றப்படும்போது தளங்களில் நிற்கும் எதிரணியினரை, அடுத்து வருபவர் ‘மரபுரிமையாகப் பெற்றவர்’ எனப் பேஸ்போற் கணக்கேடு கருதுகின்றது. அவர்கள் பின்னர் ஓடி வந்து ஓட்டம் பெறின், அவ்வோட்டம் புதிதாக வந்தவரின் கணக்கிலே எழுதப்படுவதில்லை. அவர்களைத் தளத்தில் நிற்கவிட்டுச் சென்றவரின் கணக்கிலேயே எழுதப்படுகின்றது. அவர் அப்போது மைதானத்திலே இல்லை, குளித்து உடைமாற்றிக்கொண்டிருக்கலாம். எனினும் கணக்கு அவரைத் தேடிச் செல்கின்றது. ஆரவாரமிக்க ஒரு வணிக விளையாட்டின் கணக்கேட்டுக்குள் இத்தகைய நுண்ணிய நீதியொன்று இருப்பது, நம்முடைய அலுவலகங்களையும் கல்விச்சபைகளையும் நினைக்கையில் சற்றே நாணத்தை அளிப்பது.

நாணம் எனச் சொன்னது என் சொந்த அனுபவத்தை எண்ணியே. பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் தற்காலிக உதவி விரிவுரையாளனாக நியமனம் பெற்றபோது, வேறொருவர் பாதியில் விட்டுச்சென்ற பாடமொன்று என் கையிலே தரப்பட்டது. கல்லூரி பல வாரங்கள் மூடப்பட்டுத் திறந்த காலம் அது. பரீட்சைக்கு ஆறு வாரங்களே இருந்தன. பாடத்திட்டத்தின் பெரும்பகுதி தொடப்படாமலே கிடந்தது. இரவு பகலாகக் குறிப்புக்கள் தயாரித்தேன். சனி ஞாயிறுகளிலும் வகுப்பு நடத்தினேன். பெறுபேறு வந்தபோது வகுப்பில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் சித்தியடையவில்லை. அதனை ஆராய்ந்த சபையிலே கேட்கப்பட்ட வினா ஒன்றே ஒன்று: இப்பாடத்தைக் கற்பித்தவர் யார்? விடையாக என் பெயர் இருந்தது. நான் பொறுப்பேற்றபோது எந்தெந்தத் தளத்தில் எவரெவர் நின்றனர் என்று கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. அதனைப் பதிவதற்குப் படிவத்திலே நிரலும் இல்லை. அடுத்த ஆண்டு என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவ்விடத்தின் பெயரை இங்கு சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதுபோன்றவை எங்கும் உள.

ஆயினும் இவ்விடத்தில் ஒரு பக்கமே பேசி நிறுத்துவது ஆய்வு நேர்மையாகாது. பொறுப்பேற்ற நிலை கெட்டதாக இருந்தது என்பது எல்லாத் தோல்விக்கும் விடையன்று. அக்கணக்கு விதியிலும் ஒரு குறை உண்டு. மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்க வருபவர், முதற் பந்திலேயே அடிவாங்கி அவர்கள் மூவரையும் ஓடவிட்டாலும், அவருடைய சராசரி மாசுபடாமலே இருக்கும். முன்னவரின் சராசரியே வீங்கும். அநீதியைத் திருத்த எழுந்த விதி மறுபுறத்தில் ஒரு தப்புவழியையும் திறந்துவிடுகின்றது. அன்றியும் ரோசெந்தலின் இடர் பிறர் விட்டுச்சென்றதால் வந்ததன்று. தளங்கள் வெறுமையாக இருந்தபோதும் அவரே அவற்றை நிரப்பினார். 12 ஆட்டங்களில் ஆறு இனிங்ஸிற்குச் சற்றே கூடுதலாக எறிந்து, சராசரி 22.74 என்ற நிலையில், யூன் 23ஆந் திகதி அவர் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

அச்செய்தி வந்த நாளில் மருமகன் மகிழ்ந்தார். மூதாட்டி மகிழவுமில்லை, அத்தீர்மானத்தை மறுக்கவுமில்லை. கை நடுங்கும் தாதி எவ்வளவு நல்லவளாயினும் அவளை அந்த இரவு வாட்டிலிருந்து மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றும்போது கைதட்ட வேண்டியதில்லை என்றார். இரக்கமும் கண்டிப்பும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கக்கூடும் என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை. அடுத்த ஆண்டிலே, 2020இல், ரோசெந்தல் வேறு இரண்டு அணிகளில் ஆடி மீண்டும் திறம்பட எறிந்தார் என்பதையும் இங்கு சேர்த்துச் சொல்ல வேண்டும். முடிவிலி என்பது ஒரு மனிதரைப் பற்றிய முடிவன்று.

அதே மே மாதத்தின் 12ஆந் திகதி ஐதராபாத்தில் நடைபெற்ற இந்தியப் பிரிமியர் லீக் இறுதியாட்டத்தை நம்மவர் பலர் நினைவில் வைத்திருப்பர். மும்பை அணிக்காக ஆடிய லசித் மாலிங்க தமது மூன்றாவது ஓவரிலே 20 ஓட்டங்களை வாரிக்கொடுத்தார். எனினும் இறுதி ஓவரும் அவரிடமே தரப்பட்டது. சென்னை அணிக்கு வேண்டியிருந்தவை 9 ஓட்டங்கள். கடைசிப் பந்தில் விக்கெட் வீழ்ந்து ஒரு ஓட்டத்தால் வெற்றி. நூலகத்திலிருந்து திரும்பியதும் இச்செய்தியை மூதாட்டிக்குச் சொன்னேன். அடிவாங்கியவரையே மீண்டும் அழைக்கலாமா என்று அவர் வியந்தார். எங்கள் ஆட்டத்தில் அழைக்கலாம் என்றேன். அப்படியானால் உங்கள் ஆட்டம் எங்களுடையதைவிடக் கருணையுடையது என்றார் அவர். ஒரே ஆட்டத்துள் மீளும் வாய்ப்பை நம் விளையாட்டு தருகின்றது. அவர்களுடையதோ அதை மறுநாளுக்கு ஒத்திவைக்கின்றது. 162 ஆட்டங்கள் இருப்பதன் பொருள் ஒருவேளை இதுவேயாகலாம்.

மே 24 முதல் அணி மெல்ல எழத் தொடங்கிற்று. யூலை மாத நட்டநடு இடைவேளை வந்தபோது கணக்கு 47 வெற்றி, 42 தோல்வி. இதனை மார்ட்டினெஸ் விலக்கப்படாமையால் விளைந்த அற்புதமென்று சிலரும், அதிர்ஷ்டமென்று சிலரும் கூறினர். உண்மை அதனிலும் எளியது. விரல் முறிந்து ஆடாதிருந்த ட்ரே ரேணர் திரும்பினார். அந்தணி ரெண்டனும் இருபது வயதேயான ஹுவான் சோட்டோவும் இடைவிடாது ஓட்டங்களைக் குவித்தனர். தொடக்க எறிவாளர் நெடுநேரம் எறிந்தனர். பட்டி திருந்தவில்லை என்பதே இங்கு கருத்திற் கொள்ளத்தக்கது. யூலை 31ஆந் திகதி, வீரர் பரிமாற்றத்திற்கான இறுதி நாளில், மாற்று எறிவாளர் மூவரை நிருவாகம் வெளியிலிருந்து பெற்றது. அவர்களுள் ஒருவரான டேனியல் ஹட்சன், முழங்கையில் இரண்டு முறை சத்திரசிகிச்சை செய்துகொண்டும் ஆட்டத்தைக் கைவிடாதவர்.

செப்ரெம்பர் 3ஆந் திகதி மீண்டும் மெற்ஸ் அணியுடன் ஓர் ஆட்டம். இறுதி இனிங்ஸ் தொடங்கும்போது நஷனல்ஸ் 10–4 எனப் பின்தங்கியிருந்தது. மருமகன் எழுந்து வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். பின்னர் நிகழ்ந்தது யாரும் எதிர்பாராதது: ஒரே இனிங்ஸில் ஏழு ஓட்டங்கள், கேட் சுசுக்கியின் அடியோடு 11–10 என வெற்றி. இம்முறை உடைந்தது எதிரணியின் பட்டி. வெற்றிக் களிப்பினிடையே மூதாட்டி நியூயோர்க்கின் முடிப்பாளருக்காக ஒரு பெருமூச்சு விட்டார். நம்முடைய துன்பம் எதிரியிடம் இடம்பெயர்ந்ததும் அது நகைச்சுவையாகிவிடுகின்றது. அப்படி ஆகவிடாமற் காப்பது பெரிய பண்பு என்று அன்று எண்ணினேன்.

ஆண்டு முடிவிலே அணியின் கணக்கு 93 வெற்றி, 69 தோல்வி. 19–31 என்ற அந்த நாளுக்குப் பின் ஆடிய 112 ஆட்டங்களில் 74 வெற்றிகள். ஆயினும் மாற்று எறிவாளர் அனைவரினதும் சராசரி ஒன்பது இனிங்ஸுக்கு ஐந்தரை ஓட்டங்களுக்கும் மேலாகவே நின்றது. அது தம் லீக்கிலேயே மிக மோசமானது. அத்தகைய பட்டியோடு உலகத் தொடரை எவரும் வென்றதில்லை. எனவே பின்போட்டிகளில் மார்ட்டினெஸ் ஒரு வழி கண்டார். குறைபாட்டை இல்லையெனச் சாதிக்கவில்லை. அதனைச் சுற்றிச் சென்றார். தாம் நம்பக்கூடிய டூலிட்டில், ஹட்சன் ஆகிய இருவரையே பெரிதும் பயன்படுத்தினார். எஞ்சிய இடைவெளியைத் தொடக்க எறிவாளரைக் கொண்டே நிரப்பினார். ஸ்ட்ராஸ்பேர்க், ஷேர்சர், கோர்பின் ஆகிய பெரும் பெயர்கள், தம் நாளல்லாத நாளில், பட்டியில் அமர்ந்து தொலைபேசி ஒலிக்கக் காத்திருந்தனர். கோர்பின் ஓர் ஆட்டத்தில் அவ்வாறு வந்து ஆறு ஓட்டங்களை விட்டுக்கொடுத்து, பட்டியிலிருந்து நடந்துவரும் தூரம் எத்தகையதென்பதைத் தாமும் அறிந்துகொண்டார்.

ஹியூஸ்ரன் அஸ்ரோஸ் அணியுடனான உலகத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் வெளியூர் அணியே வென்றது ஒரு புதுமை. ஒக்ரோபர் 30ஆந் திகதி நடந்த ஏழாவது ஆட்டத்தில், ஏழாம் இனிங்ஸ் வரை ஹியூஸ்ரன் 2–0 என முன்னின்றது. ரெண்டனின் ஹோம் ரன்னால் ஓர் ஓட்டம் குறைய, 80 பந்துகளே எறிந்திருந்த தொடக்க எறிவாளர் ஸக் கிரெய்ங்கியை முகாமையாளர் அகற்றினார். பட்டியிலிருந்து வந்தவரின் பந்தை ஹௌவி கென்ட்ரிக் அடிக்க, அது எல்லைக் கம்பத்திலே பட்டு ஹோம் ரன் ஆயிற்று. மறுபுறம் ஷேர்சரைத் தொடர்ந்து கோர்பின் மூன்று இனிங்ஸ் ஓட்டமெதுவும் கொடாது எறிந்தார், ஹட்சன் முடித்தார். முடிவு 6–2. மே மாதத்தில் வாஷிங்டன் வீடுகளிலே எழுந்த அதே கேள்வி, ஏன் அவரை அகற்றினார்கள், ஏன் இவரை அழைத்தார்கள் என்ற கேள்வி, அன்றிரவு ஹியூஸ்ரன் வீடுகளிலே எழுந்திருக்கும்.

வாஷிங்டன் நகரம் அதற்கு முன்னர் உலகத் தொடரை வென்றது 1924ஆம் ஆண்டிலே. அப்போதும் ஏழாவது ஆட்டம். அத்தொடரில் தொடக்க எறிவாளராக இரண்டு ஆட்டங்களிலே தோற்றுத் தலைகுனிந்திருந்த முதுபெரும் வீரர் வோல்ரர் ஜோன்சன், ஒன்பதாம் இனிங்ஸில் மாற்று எறிவாளராக வந்து நான்கு இனிங்ஸ் ஓட்டம் கொடாது எறிய, பன்னிரண்டாம் இனிங்ஸில் அணி 4–3 என வென்றது. மாற்று எறிவையே தம் முதன்மைத் தொழிலாகக் கொண்ட முன்னோடிகளுள் ஒருவரான ஃபிர்போ மார்பெரியும் அவ்வணியைச் சேர்ந்தவரே. ஆட்டத்தைக் காத்தவர்க்குரிய ‘சேவ்’ என்னும் கணக்கு அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டதோ 1969இலேதான். அதுவரை அவர்கள் காத்ததற்கு உரிய நிரல் ஏட்டில் இருக்கவில்லை. ஒரு தொழில் இருந்தும் அதற்குரிய நிரல் இல்லாதவரை, அத்தொழிலைச் செய்பவர் பிறர் கண்ணில் இல்லாதவரே.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, ரசிகரின் கோபத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம். அக்கோபம் நோயைச் சரியாகவே இனங்கண்டது. பட்டி மே மாதத்திலும் மோசமாக இருந்தது, செப்ரெம்பரிலும் மோசமாகவே இருந்தது. ஆனால் அது விதித்த மருந்து தவறானது. கண்முன் நிற்பவரை அகற்றினால் நோய் தீருமென்பது அதன் நம்பிக்கை. நடுவழியில் செய்யும் மதிப்பீடு நிலைமையைச் சொல்ல வல்லது. முடிவைச் சொல்ல வல்லதன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாதபோதே மதிப்பீடு தண்டனையாக மாறுகின்றது. வெற்றி பெற்றவரும் தம் வெற்றியை நிலையானதெனக் கொள்ளற்க. நஷனல்ஸ் அணி 2022இல் 107 ஆட்டங்களிலே தோற்றது. ஏழாவது ஆட்டத்தைக் காத்துத் தந்த அதே கோர்பின் 2021, 2022 ஆகிய இரண்டாண்டுகளும் எல்லோரிலும் அதிக தோல்விகளைத் தம் பெயரிற் சுமந்தார்.

பல்கலைக்கழக வாழ்வில் நாம் ஒவ்வொருவரும் ஏதோவொரு காலத்தில் இடையில் வருபவர்களே. மூடித் திறந்த பீடங்களிலே படித்துவந்த மாணவர், பிறர் பாதியில் விட்ட பாடத்தை ஏற்கும் இளம் விரிவுரையாளர், கடன்பட்ட சங்கத்தைப் பொறுப்பேற்கும் புதிய செயலாளர் ஆகிய யாவரும் வெறுமையான தளங்களைக் கண்டு மேடையேறியவர் அல்லர். இன்று நானும் சில சபைகளில் அமர்ந்து பிறருடைய பெறுபேறுகளைப் பார்க்கும் நிலையில் இருக்கின்றேன். படிவங்களிலே புதிய நிரல் சேர்க்கும் அதிகாரம் எனக்கில்லை. எனவே பெயரொன்று கூறப்பட்டு எல்லோரும் அடுத்த விடயத்திற்குச் செல்ல முற்படும் வேளையில், அவர் எப்போது வந்தார், வந்தபோது என்ன நிலையில் இருந்தது என்று கேட்டு, விடையைக் கூட்டக் குறிப்பில் எழுதும்படி வேண்டிக்கொள்கின்றேன். சில வேளைகளில் அவ்விடை அவரைக் காக்கின்றது. சில வேளைகளில் அது அவரைக் காப்பதில்லை. பிழை அவருடையதாகவே இருக்கின்றது. எப்படியாயினும், கூட்டம் ஐந்து நிமிடம் பிந்தி முடிகின்றது. அந்த ஐந்து நிமிடம் நாம் கொடுக்கக்கூடாத விலையன்று.